வெள்ளைக்காரன் கூடுதலாக வைத்த ஆணிகள்

வன்னிக் காட்டில் யானை உண்டு, கரடி உண்டு, சிறுத்தை உண்டு. யானைக்குத் தீப்பந்தம் காட்டுகிறோம். கரடிக்குச் சத்தம் போடுகிறோம். சிறுத்தைக்குப் பயந்து மாட்டுப்பட்டியை அடைத்துவிட்டுப் படுக்கிறோம். ஆனால் காட்டில் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே, சோறு கறி சாப்பிட்டு, விபூதி பூசி, நல்ல மனிதரைப்போல நடமாடுகிற இன்னொரு பிராணியும் இருக்கிறது. அதற்குத் தீப்பந்தமும் பலிக்காது, சத்தமும் பலிக்காது. அதன் கையில் எந்நேரமும் ஒரு திருப்புளி இருக்கும். அதன் பெயர் கழற்றியார்.

அகராதியில் தேடாதீர்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான்.

கழற்றியாரை எப்படி அடையாளம் காண்பது? வெகு சுலபம். உங்கள் வீட்டுக்கு அவர் வருகிறார். "இருங்கோ" என்று கதிரையைக் காட்டுகிறீர்கள். இருக்கமாட்டார். கதிரையைத் தூக்கிக் கவிழ்ப்பார். ஒவ்வொரு காலாகப் பிடித்து ஆட்டுவார். "இது கொஞ்சம் ஆடுதுபோல கிடக்குது" என்பார். அதுவரை ஆடாத கதிரை அவர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகு ஆடத் தொடங்கும். நீங்கள் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர்தான் முதலிலேயே சொன்னாரே!

பழுதான பொருளில் கழற்றியாருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. பழுதானதைத் திறந்து பார்ப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அதை யாரும் திறப்பார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை, ஒருவரும் கேளாமல், அவசரமாக அது தேவைப்படுகிற நாளுக்கு முதல் நாள் பார்த்து, முற்றத்தில் பாய் விரித்து, பாகம் பாகமாகப் பிரித்து வைத்து, வீட்டிலுள்ளவர்கள் அவற்றின்மேல் மிதிக்காமல் நடக்கப் பழகுமட்டும் அப்படியே கிடக்கவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒருமாதிரி அடைத்து மூடுகிறாரே, அதில்தான் அவருடைய கலை இருக்கிறது. மூடிய பிறகு தரையில் நாலைந்து ஆணிகளும் ஒரு வளையமும் மிஞ்சிக் கிடக்கும். நீங்கள் அவற்றைப் பார்ப்பீர்கள். அவர் உங்களைப் பார்ப்பார்.

"வெள்ளைக்காரன் எப்பவும் ரெண்டு ஆணி கூடத்தான் வைப்பான். அவங்களுக்குப் பயம்" என்பார்.

எங்கள் வீரகத்தியரை எடுத்துக்கொள்ளுங்கள். வடமராட்சியில் புகையிலை செய்துகொண்டிருந்தவர், குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து இங்கே வந்து, காடு வெட்டி, நெல் விதைத்து, பிறகு துணுக்காய் றோட்டில் சின்னதாக ஓர் அரிசி மில்லும் போட்டு, மரியாதையான மனிதராக இருக்கிறார். பக்கத்து வளவு என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீரகத்தியர் இதுவரை கழற்றாத பொருள் அந்த மில் ஒன்றுதான். அதற்கும் காரணம் அவருடைய அடக்கம் அல்ல. மில் அறையின் திறப்பை அவருடைய மனைவி சிவனேஸ்வரி தன் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிறார்.

மற்றவை தப்பவில்லை. சுவர் மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டினார். அது இப்போதும் ஓடுகிறது. ஆனால் மல்லாந்து படுத்திருந்தால்தான் ஓடும். ஆகையால் அந்த வீட்டில் நேரம் பார்க்க விரும்புகிறவர் கதிரை வைத்து ஏறி அலுமாரிக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். றேடியோவைக் கழற்றிப் பூட்டினார். அது செய்தி சொல்லும். பாட்டுத் தொடங்கியதும் தொண்டை அடைத்துவிடும். தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டினார். அதைப் பற்றி சிவனேஸ்வரியிடம் கேட்காதீர்கள், நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மிஞ்சியவற்றை அவர் எறிவதில்லை. ஒரு பழைய பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்திருக்கிறார். அந்த ரின் வெற்றிலைப் பெட்டியைப்போல அவர் போகுமிடமெல்லாம் போகும். "எங்கையாவது உதவும்" என்பார். எங்கேயும் உதவியதை நான் காணவில்லை.

சென்ற வருடம் இரண்டு போகமும் பொய்க்காமல் விளைந்தது. வீரகத்தியர் ஒரு கார் வாங்கினார். சாம்பல் நிறம், பல கை மாறியது, ஆனால் நல்ல கார். ஏறினால் புறப்படும், நிறுத்தினால் நிற்கும், கண்ணாடிகள் ஏறி இறங்கும். இதைவிட ஒரு காரிடம் வேறு என்ன எதிர்பார்க்கலாம்? அதைக் கண்டு எல்லோரிலும் அதிகம் சந்தோசப்பட்டவர் சிவனேஸ்வரிதான். அதற்குக் காரணம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு மகள் நேசமலரின் பிள்ளைப்பேறு சிக்கலாகிப் போனது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற சிவனேஸ்வரி வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை நினைத்து நேர்ந்துகொண்டார்: தாயும் பிள்ளையும் சுகமாக வந்தால் வைகாசிப் பொங்கலுக்கு வந்து தன் கையால் பொங்கிப் படைப்பதாக. தாயும் பிள்ளையும் சுகமாக வந்துவிட்டார்கள். அம்மன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். சிவனேஸ்வரிதான் இன்னும் காப்பாற்றவில்லை. முதல் வருடம் பஸ்ஸுக்குப் போக எழும்பினால், மணிக்கூடு பாகம் பாகமாகப் பாயில் கிடந்தது. நேரம் தெரியாமல் சந்திக்குப் போய்ச் சேர, பஸ் போய்விட்டது. அடுத்த வருடம் மாட்டு வண்டில் பிடித்தார்கள். புறப்படுகிற காலையில் சில்லு சரியாக உருளவில்லை என்று வீரகத்தியருக்குத் தோன்றிவிட்டது. உருண்டுகொண்டிருந்த சில்லு அது. அன்று பின்னேரம் வண்டில்காரர் தன் மாடுகளை மட்டும் ஓட்டிக்கொண்டு வீடு போனார்.

இது மூன்றாம் வருடம். பொங்கல் நடக்கிற வைகாசித் திங்கட்கிழமைக்கு இன்னும் சில நாள் இருக்கையில் சிவனேஸ்வரி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மாஸ்டர், திங்கட்கிழமை நீங்களும் எங்களோட வாங்கோ. காரில இடமிருக்கு."

"வரலாம்தான். ஏன், ஏதும் உதவி வேணுமே?"

"வேற ஆக்கள் பாத்துக்கொண்டு நிண்டால் அந்த மனுசன் கொஞ்சம் அடங்குவார். இந்த முறையும் போகேலாமல் போச்செண்டால் அம்மாளின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது? வயித்துக்குள்ள இருந்த பிள்ளை இப்ப வாய்நிறையக் கதைக்குது. என்ர நேர்த்தி மட்டும் இன்னும் கிடக்குது."

இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. எனக்கும் மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். காரில் இருக்கிறவர்களைக் கண்டு அடங்குகிற சாதி இல்லை கழற்றியார் என்பதை நான் அப்போது மறந்துவிட்டேன்.

அந்த வாரமே கார் ஒரு சத்தம் போட்டது.

சிவனேஸ்வரி ஏறி இருக்கிற முன்பக்கத்து இடது கதவோரம், றோட்டில் பள்ளம் வருகிற இடங்களில், "கிடுக் கிடுக்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. எலி பாக்குக் கடிக்கிற அளவு. ஆனால் வீரகத்தியரின் முகம் மாறிவிட்டது. காரை நிறுத்தினார். கதவைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மறுபடி தட்டினார்.

"கதவுக்குள்ள என்னவோ கழண்டு கிடக்குது."

"அது தன்ரபாட்டுக்குச் சத்தம் போடட்டுமன்" என்றார் சிவனேஸ்வரி. "நாங்கள் கதைச்சுக்கொண்டு போனால் கேளாது."

"நீர் சும்மா இரும். இதென்ன பெரிய வேலையே? உள்பலகையைக் கழட்டினால் தெரிஞ்சுபோம். நாலு ஆணிதானே."

காருக்குள் இருந்து பார்த்தால் கதவின் இரும்பு தெரியாது. அதை மூடி றெக்சின் ஒட்டிய ஓர் அட்டைப்பலகை இருக்கும். அதன்மேல் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி ஒன்று, கதவைத் திறக்கிற கைப்பிடி ஒன்று. ஓரமெல்லாம் மறைவாகச் சின்னச் சின்னக் கிளிப்புகள் பலகையைக் கதவோடு கவ்விப் பிடித்திருக்கும். அழகான ஏற்பாடு. எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் நாட்டிலே குளிரில் இருந்துகொண்டு, வன்னியில் ஒரு வீரகத்தியர் வந்து குடியேறப்போகிறார் என்று அறியாமல் செய்தது.

சனிக்கிழமை காலையில் பஞ்சாங்கம் பார்த்தார். இராகுகாலம் கழியட்டும் என்று பொறுத்திருந்தார். கழற்றுவதற்கு நல்ல நேரம் பார்க்கிற கழற்றியார், பூட்டுவதற்கு எந்தக் காலத்திலாவது நேரம் பார்த்திருக்கிறாரா? பிறகு மில்லில் நெல் காயப்போடுகிற படங்கை வேப்பமர நிழலில் விரித்தார். காரிலிருந்த ஆயுதங்களை எல்லாம் இறக்கி அதன்மேல் பரப்பினார்: திருப்புளிகள், குறடு, ஸ்பனர், பிஸ்கற் ரின். அதோடு, இந்த முறை ஆணிகள் மாறக்கூடாது என்று ஒரு புது ஏற்பாடும் செய்திருந்தார். குசினிக்குப் பின்னால் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்துவந்து வரிசையாக வைத்தார். முதலில் கழற்றுகிற ஆணி முதற் சிரட்டையில், அடுத்தது அடுத்ததில். பூட்டும்போது கடைசிச் சிரட்டையிலிருந்து பின்னோக்கி வந்தால் முடிந்தது காரியம். நேர்மையாகச் சொன்னால் நல்ல யோசனைதான். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கைப்பிடிகள் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன இரும்புப் பின்தான் பிடித்திருந்தது. ஒன்றை ஆணியால் தட்டினார். வந்தது. சிரட்டையில் போட்டார். மற்றதைத் தட்டினார். வரவில்லை. பலமாகத் தட்டினார். வந்தது, வந்த வேகத்தில் பறந்து போனது.

அந்த நேரத்தில்தான் கலந்தர் வந்தார். முல்லைத்தீவில் மாடுகள் வைத்திருப்பவர், லொறியில் வந்து வீரகத்தியரின் மில்லில் தவிடு ஏற்றிப் போகிறவர். நல்ல புத்தியுள்ள மனிதர் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

"என்ன முதலாளி, மாங்குளச் சந்தியில கராச் இருக்கே. அங்க குடுத்தால் என்ன?"

"கலந்தர் நானா, கராச்சுக்காரன் என்ன செய்வான்? அவனும் இதைத்தான் கழட்டுவான். கழட்டினால் பூட்டமாட்டான்."

"அது சரி. எண்டாலும் திங்கட்கிழமை கோயிலுக்குப் போகவேணும் எண்டு அக்கா சொன்னவ."

"இண்டைக்குச் சனிதானே!"

கலந்தர் தலையை ஆட்டினார். போகப் புறப்பட்டார். இரண்டடி போய் நின்றார். திரும்பி வந்தார். "நீங்க பிடிக்கிற பக்கம் பிழைபோல கிடக்கு முதலாளி. கொஞ்சம் தள்ளுங்க, நானும் ஒருக்காப் பாப்பம்" என்று சாரத்தை மடித்துக் கட்டினார். கழற்றும் நோய் காற்றில் பரவுகிறது என்பதற்கு எனக்கு அன்றுதான் சாட்சி கிடைத்தது.

பலகையை நெம்பித் தூக்க மெல்லிய தகடு ஒன்று வேண்டியிருந்தது. "இஞ்சாரும், தோசை பிரட்டுற தட்டகப்பையைக் கொண்டுவாரும்!" என்று வீரகத்தியர் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார். அதை இடுக்கில் விட்டு முதற் கிளிப்பை நெம்பினார். டிக் என்று வந்தது. அடுத்ததை நெம்பினார். கிளிப் நின்றது, அதைப் பிடித்திருந்த அட்டை வந்தது. "அட்டை பழசு" என்றார் வீரகத்தியர். "பழசுதான்" என்றார் கலந்தர். இப்படி இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு ஓரம் முழுவதும் நெம்பி முடித்தபோது பலகை கையோடு வந்தது. கிளிப்புகளில் முழுசாக இருந்தவை சொற்பம். தட்டகப்பை வில்லாக வளைந்திருந்தது.

கதவின் வயிறு திறந்தது. ரோர்ச் லைற் அடித்துப் பார்த்தார்கள். உள்ளே தூசி இருந்தது. ஒரு சிலந்தி இருந்தது. சத்தம் போடக்கூடியதாக ஒன்றும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பலகையைத் திருப்பிப் பூட்டிவிட்டுக் கை கழுவியிருப்பார்கள். கழற்றியாருக்கு அப்படிப் பழக்கமில்லை. "இந்த ரெண்டு ஆணியும் ஏன் இவ்வளவு இறுக்கமாய்க் கிடக்குது?" என்று கேட்டார். கேள்விக்குப் பதில் உடனே கிடைத்தது. அவற்றைக் கழற்றியதும், அதுவரை அவை தாங்கிக்கொண்டிருந்த கண்ணாடி முழுவதும் சரசரவென்று இறங்கிக் கதவுக்குள் போய் "டொக்" என்று குந்தியது.

கலந்தர் மடித்துக் கட்டிய சாரத்தை மெதுவாக இறக்கிவிட்டார். "எனக்கு வெயிலுக்கு முந்திப் போகவேணும் முதலாளி" என்றார். வெயில் அப்போது உச்சியில் நின்றது. பறந்துபோன இரும்புப் பின் அவருடைய தவிட்டு மூட்டையோடு முல்லைத்தீவு போயிருக்க வேண்டும் என்பது வீரகத்தியரின் துணிபு. பாவம், மாடுகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய்ப் பார்த்தபோது வீரகத்தியர் படங்கின் நடுவே இடி விழுந்தவர்போல நின்றார். சிரட்டைகளைக் காணவில்லை.

"இஞ்சாரும்! இதில வரிசையாய் வச்ச சிரட்டை எங்கை?"

சிவனேஸ்வரி ஸ்திரிக்கைப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். பெட்டிக்குள் கரி செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. நாளைக்குக் கோயிலுக்கு உடுக்கிற வேட்டியும் சேலையும் மடிப்புக் குலையாமல் இருக்க வேண்டாமா? ஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சிரட்டைக் கரியை விட்டால் வேறு என்ன போடுவது?

"ஆணியெல்லாம்?"

"அதுக்கேன் சத்தம் போடுறியள்? ஒண்டும் துலையேல்லை. எல்லாத்தையும் பத்திரமாய் ஒரு சட்டிக்குள்ள கொட்டி வச்சிருக்கிறன்."

உண்மைதான். ஒன்றும் தொலையவில்லை. முதற் சிரட்டையும் கடைசிச் சிரட்டையும் நடுச் சிரட்டைகளும் ஒரே சட்டிக்குள் சமரசமாகக் கிடந்தன. வீரகத்தியர் சட்டியைப் பார்த்தார். பிறகு வாசலில் மடித்து வைத்திருந்த தன் வேட்டியைப் பார்த்தார். வேட்டி மிக அழகாக ஸ்திரிக்கை போடப்பட்டிருந்தது.

அன்று பகல் முழுவதும் பூட்டினார். எது எங்கே பொருந்துகிறதோ அது அங்கே போனது. பொருந்தாதது சுத்தியலின் உதவியோடு போனது. கண்ணாடி மட்டும் மேலே வர மறுத்துவிட்டது. "வைகாசியில கண்ணாடி ஏன்? சோளகக் காத்து நல்லது" என்று அதை அப்படியே விட்டார். பறந்துபோன பின்னுக்குப் பதிலாக மனைவியின் கொண்டை ஊசி ஒன்றைச் செருகினார். உள்ளே இருந்து கதவைத் திறக்கிற கைப்பிடி இப்போது சுற்றிச் சுற்றி வந்ததே தவிரக் கதவைத் திறக்கவில்லை.

"அதுவும் ஒரு மரியாதைதான்" என்றார். "பெரிய துரைமாரின்ர பெண்சாதிமாருக்கு வெளியில இருந்துதானே கதவு திறந்துவிடுறவை?"

மிஞ்சியது உள்பலகை. கவ்வ வேண்டிய கிளிப்புகள் முறிந்துவிட்டன. ஓர் ஆணியும் பிடிக்காது. கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. மனைவியிடம் திறப்பை வாங்கி, அவர் பின்னாலேயே காவலுக்கு வர, மில்லுக்குள் போய் நெல்லுச் சாக்குத் தைக்கிற பெரிய ஊசியையும் சணல் நூலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆமாம், தைத்தார். கதவின் ஓரத்தில் கிளிப்புக்கென்று வெள்ளைக்காரன் விட்டிருந்த துளைகளில் நூலை விட்டு எடுத்து, பலகையைக் குத்தி, இழுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடி குத்தி, நெல்லு மூட்டையின் வாயைத் தைப்பதுபோலவே தைத்தார். கை பழகிய வேலை அல்லவா? அப்படியே வேகமாகப் போனது. மேல் மூலைகளுக்கு வந்ததும், மூட்டையைத் தூக்கப் பிடிமானமாக இரண்டு பக்கமும் காது விடுவார்களே, அதேபோல றெக்சினை முறுக்கிக் கட்டி இரண்டு காதும் விட்டார். விட்ட பிறகுதான் இது மூட்டை இல்லை, கார் என்பது நினைவுக்கு வந்ததுபோலும். ஒரு கணம் நின்று பார்த்தார்.

"பிடிக்கிறதுக்கு வசதி" என்றார்.

மிஞ்சியவற்றைப் பிஸ்கற் ரின்னில் போட்டார். இந்த முறை வெள்ளைக்காரன் தாராளமாகவே வைத்திருந்தான். ரின் கழுத்துவரை நிரம்பிவிட்டது. அதைப் படங்கிலேயே வைத்துவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு சந்திவரை ஓட்டிப் பார்த்தார். பள்ளம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். சத்தம் இல்லை. இன்னொரு பெரிய பள்ளத்தைத் தேடிப்போய் அதிலே விழுத்தினார். சத்தமே இல்லை!

"மாஸ்டர்! பாத்தியளே? கராச்சுக்காரனால ஏலுமே இது?"

ஏலாது என்று ஒப்புக்கொண்டேன். சத்தியமாக எந்தக் கராச்சுக்காரனாலும் அது ஏலாது.

திங்கட்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். சிவனேஸ்வரி புதுச் சேலையோடு முன்னே இருந்தார். மடியில் பொங்கல் பானை. பச்சையரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய், விறகு இவற்றுக்கு நடுவே பின்னால் நான். வெளியிலிருந்து கதவைத் திறந்து அவரை ஏற்றி, வெளியிலிருந்தே சாத்தி, ஆயுதங்களை எல்லாம் வழக்கமான இடத்தில் வீரகத்தியர் அடுக்கியதும், சில்லுக்கு அடியில் சகுனத்துக்கு வைத்த தேசிக்காயை நசித்துக் கார் நகர்ந்தது. கண்ணாடி இல்லாத வாசலால் மாங்குளத்துச் செம்மண் தாராளமாக உள்ளே வந்தது. ஸ்திரிக்கை போட்ட சேலை ஒட்டுசுட்டான் போகுமுன்னே நிறம் மாறிவிட்டது. சிவனேஸ்வரி சேலையைத் தட்டிவிட்டுப் பானையை அணைத்துக்கொண்டார். கார் ஓடுகிறது, கோயிலுக்கு ஓடுகிறது. அது போதும் என்ற முகம்.

காட்டு றோட்டில் முதற் பள்ளம் வந்தது.

கிடுக் கிடுக் இல்லை. "கடகடகடகட!"

கார் நின்றது. வீரகத்தியர் இறங்கினார். அவர் கையில் திருப்புளி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. சில பேருக்கு அது விரலோடு கூடவே முளைக்கிறது. சுற்றி வந்து மனைவியின் பக்கத்துக் கதவருகே நின்றார்.

"ஒரு அரைமணித்தியாலம். தையலைப் பிரிச்சுப் பாத்திட்டு..."

சிவனேஸ்வரி இறங்க முடியாது. கதவு உள்ளே இருந்து திறக்காது. பொழுது சரியத் தொடங்கிவிட்டது. முன்னாலும் பின்னாலும் காடு. அம்மன் கோயிலுக்குப் போகிற வண்டில்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. போகிறவர்கள் எல்லாம் கதவுக்கு மேலே எட்டித் தெரிந்த சாக்குக் காதுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் சிவனேஸ்வரி பானையை இருக்கையில் வைத்துவிட்டுக் கதவின் இரண்டு காதுகளையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ. இந்தக் கதவில இண்டைக்குக் கை வச்சியளெண்டால் நான் இதுக்குள்ளயே இருந்து செத்துப்போவன். முதல் வருசம் மணிக்கூடு. போன வருசம் வண்டில் சில்லு. நான் வாய் திறக்கேல்லை. இது நான் அம்மாளுக்குக் குடுத்த வாக்கு. உங்கட கதவு பேந்தும் இருக்கும். பொங்கல் இருக்காது."

குரல் உயரவில்லை. ஆனால் வீரகத்தியர் இரண்டடி பின்னால் போனார். அந்தக் காதுகளைப் பிடித்துக்கொண்டு அவர் இருந்த இருப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பிடிக்கிறதுக்கு வசதி என்று சொன்னாரே மனிதர், அது பொய் இல்லை.

காலை இழுத்துச் சரியாக இருக்கும்போது சிவனேஸ்வரியின் குதிக்கால் இருக்கைக்கு அடியில் எதிலோ இடித்தது. "கடக்" என்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒருமுறை வேண்டுமென்றே இடித்துப் பார்த்தார். "கடக்."

குனிந்தார். நிமிர்ந்தபோது கையில் பிஸ்கற் ரின் இருந்தது. வீரகத்தியர் றோட்டைப் பார்த்துக்கொண்டு வேட்டி இடுப்பில் திருப்புளியைச் செருகிக்கொண்டிருந்தார்; அவர் காணவில்லை. கிடுக் கிடுக் என்று கதவோரம் பேசிக்கொண்டு வந்தவை, மணிக்கூட்டுக்கும் றேடியோவுக்கும் தையல் மெஷினுக்கும் வெள்ளைக்காரன் கூடுதலாக வைத்த ஆணிகள். சனிக்கிழமை ரின்னை இறக்கியதும் நோய் தீர்ந்தது. இன்று கழுத்துவரை நிரப்பி ஏற்றியதும் நோய் முற்றியது.

சிவனேஸ்வரி திரும்பி என்னைப் பார்த்தார். விரலை வாயில் வைத்தார். ரின்னை மடியில் வைத்து, அதன்மேல் பானையை வைத்து, சேலைத் தலைப்பால் மூடினார்.

"ஒருக்கா ஓட்டிப் பாருங்கோவன்" என்றார்.

கார் புறப்பட்டது. பள்ளம் வந்தது. சத்தம் இல்லை. அடுத்த பள்ளம். சத்தம் இல்லை. வீரகத்தியரின் தோள்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்தன.

"தையல் இறுகிற்றுது" என்றார். "புதுச் சாக்கும் அப்பிடித்தான். ரெண்டு குலுக்குக் குலுக்கினாப் பிறகுதான் இறுகும்."

"ஓம்" என்றார் சிவனேஸ்வரி.

வற்றாப்பளையை நெருங்க, நந்திக்கடல் வெயில் பட்டு மினுங்கியது. சனத்துக்கு வழி விட்டுக் கார் கரையோரமாக மெதுவாக ஊர்ந்தது. சிவனேஸ்வரி பானையை ஒரு கையால் தூக்கினார். கண்ணாடி ஏறாத அந்த வாசலால், கணவரின் கைவண்ணத்தால் அகலத் திறந்து கிடந்த அந்த நல்ல வாசலால், மற்றக் கையை வீசினார்.

"களக்."

"என்ன சத்தம்?" என்று வீரகத்தியர் உடனே பிறேக்கை அமுக்கினார்.

"மீன் துள்ளினது" என்றார் சிவனேஸ்வரி. "பாத்து ஓட்டுங்கோ. சனம் நிக்குது."

பொழுதுபட முன்னே பானை அடுப்பில் ஏறிவிட்டது. பால் பொங்கி வழிந்தபோது சிவனேஸ்வரி இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு அழுதார். முகத்தில் படிந்திருந்த செம்மண்ணில் கண்ணீர் வாய்க்கால் வெட்டி ஓடியது. மூன்று வருடத்து அழுகை. நன்றாக அழட்டும் என்று நான் விலகி நின்றேன். வீரகத்தியரும் கண்ணைத் துடைத்தார். பிறகு பக்கத்து அடுப்புக்காரரின் பெற்றோல்மக்ஸ் விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"இது கொஞ்சம் மங்குதுபோல கிடக்குது" என்றார்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், மனிதர் திருந்தினாரா என்று. அடுத்த கிழமை நான் வேலியால் எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் படங்கு விரித்திருந்தது. காரின் வலப்பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது.

"அந்த பிஸ்கற் ரின்னைக் காணேல்லை, மாஸ்டர்" என்றார் வீரகத்தியர். "எல்லா இடமும் தேடிப்போட்டன். ஒரு கதவுக்குள்ளதான் விழுந்திருக்கவேணும். உள்பலகையைக் கழட்டினால் தெரிஞ்சுபோம். நாலு ஆணிதானே."

குசினியிலிருந்து சிவனேஸ்வரி வந்தார். கேளாமலே தட்டகப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். நேர்த்தி முடிந்துவிட்டது; இனி அவர் எதைக் கழற்றினால் என்ன? என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீரகத்தியர்கள் உங்கள் ஊரில் இல்லை, உங்கள் வீட்டில் இல்லவே இல்லை என்று நினைக்கிறீர்கள். நல்லது. ஒரு சின்ன உதவி செய்யுங்கள். அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய செருப்புகளுக்குப் பின்னால், ஒரு ரின்னோ போத்தலோ இருக்கும். எதற்கும் உதவாத ஆணிகளும் வளையங்களும், எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாத ஒரு ஸ்பிறிங்கும் அதற்குள் கிடக்கும். "எங்கையாவது உதவும்" என்று நீங்கள்தான் போட்டு வைத்தீர்கள். அதை எடுத்து மெதுவாக ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

சத்தம் கேட்கிறதா? கேட்டால் உங்கள் மனைவியைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் ஏற்கெனவே பக்கத்தில் குளம் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.